அகக்கண் என்று சொல்ல வேண்டாம்

சாந்திநிகேதனில் ஹிந்தி பவன் என்றொரு அடக்கமான கட்டடம் இருக்கிறது. உள்ளே நுழைந்து தலையை உயர்த்தினால், சுவர்களின் மேற்பகுதியில் மனிதர்கள் ஓர் ஆற்றைப்போல ஓடிக்கொண்டிருப்பது தெரியும். துறவியரும் உழைப்பாளிகளும் வழிப்போக்கர்களுமாக ஒரு பெருங்கூட்டம், ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குத் திரும்பி, மூன்று சுவர்களைக் கடந்து செல்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 80 அடி. இந்தியாவின் இடைக்காலப் பக்தர்களின் வாழ்வைச் சொல்லும் இந்தச் சுவரோவியத்தை 1946-47-ஆம் ஆண்டுகளில் பினோத் பிஹாரி முகர்ஜி வரைந்தார். முடித்தபோது அவருக்கு வயது 43. அவருக்கு ஒரு கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மற்றொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. தாம் வரைந்த அந்தச் சுவரை ஒரே நோக்கில், தெளிவாக, முழுமையாக அவர் கண்டிருக்க வாய்ப்பில்லை.

இந்தச் செய்தியைப் பல ஆண்டுகளாக அறிவேன். ஆனால், அதன் பொருள் எனக்கு உறைத்தது சென்ற ஆண்டில்தான். என் இடக்கண்ணில் விழித்திரை விலகி, அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை வைத்துக் கட்டிவிட்டு, பத்து நாட்கள் முகங்குப்புறக் கிடக்கச் சொன்னார்கள். தரையின் ஓடு ஒன்றும், என் கைகள் இரண்டும் மட்டுமே அந்த நாட்களில் என் உலகம். பார்க்க வந்த நண்பர் ஒருவர், கலை இலக்கிய ஈடுபாடு உள்ளவர், ஆறுதலாக ஒரு சொல்லைச் சொன்னார். புறக்கண் ஓய்ந்தால் அகக்கண் திறக்குமாம். நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் காரணத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் பினோத் பிஹாரியின் நினைவு வந்தது. அவரைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் கையில் எடுப்பது அந்தச் சொல்லைத்தான்.

1904-இல் கொல்கத்தாவின் பேஹாலா பகுதியில் பிறந்தவர் அவர். படிப்பும் கலையும் மணந்த குடும்பம். மூத்த சகோதரர்களில் ஒருவரான வனபிஹாரி மருத்துவர், கேலிச்சித்திரமும் வரைவார். பார்வைக் குறையால் மற்றக் குழந்தைகளைப்போல ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்ல இயலாத பினோத் பிஹாரி, 1917-இல் சாந்திநிகேதனில் தாகூரின் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகளில் அங்கே கலாபவன் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். ஆசிரியர் நந்தலால் போஸுக்கு நியாயமான ஐயம் ஒன்று இருந்தது. கண் சரியாகத் தெரியாத பையன் ஓவியம் கற்று என்ன செய்யப் போகிறான்? அந்த ஐயம் தாகூரிடம் சென்றது. பையன் ஊக்கத்தோடு உட்கார்ந்து வேலை செய்கிறானா என்று மட்டும் கேட்டறிந்த தாகூர், அப்படியானால் அவனை அவன் வழியில் விட்டுவிடும்படி சொல்லிவிட்டார் என்பார்கள். ஒரு கல்வி நிறுவனத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த சேர்க்கை முடிவுகளுள் இதை நான் வைப்பேன். நம் கல்லூரிகளின் மருத்துவத் தகுதிப் படிவங்களை நிரப்பும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அன்றைய வங்க ஓவியம் பெரும்பாலும் புராணத்திலும் காவியத்திலும் வரலாற்றிலும் வாழ்ந்தது. அவனீந்திரநாத் தாகூர் வழி வந்த ஓவியர்கள் தேசத்தின் பழம்பெருமையைத் தூரிகையால் மீட்டுக்கொண்டிருந்தார்கள். பினோத் பிஹாரிக்கு அந்த வழி ஒட்டவில்லை. அவர் எதிரே இருந்ததை வரைந்தார். சாந்திநிகேதனைச் சுற்றி, மழை அரித்துப் பள்ளமும் மேடுமாகிவிட்ட செம்மண் வெளி உண்டு. கோவாய் என்று அதற்குப் பெயர். அந்த வெறுமையும், அதில் தனித்து நிற்கும் பனையும், சந்தாலிகளின் குடிசைகளும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தெய்வமில்லை, கதாநாயகரில்லை, சொல்ல வேண்டிய கதையும் இல்லை. படம் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், அந்த இடத்தைத்தான் குறிக்கிறது என்பதற்கு மேல் பதில் கிடையாது. தேசிய எழுச்சியின் உச்சத்தில், அதன் தலைநகரங்களில் ஒன்றான வங்கத்தில் இருந்துகொண்டு, பொருள் சுமத்தப்படாத ஒரு படத்தை வரைவது எளிதான காரியமன்று.

அவருடைய 20-ஆவது வயதில், 1924-இல் வரைந்த ஒரு நீள்சுருள் ஓவியம் இருக்கிறது. சாந்திநிகேதனின் காட்சிகள், நீளம் சுமார் 44 அடி. சீனத்திலும் ஜப்பானிலும் பிறந்த இந்தச் சுருள் வடிவம் அவரைக் கடைசி வரை விடவில்லை. 1937-38-இல் ஜப்பானுக்குச் சென்று அந்த மரபை நேரிலும் கண்டு வந்தார். அது அவரை ஈர்த்ததற்குக் கீழைநாட்டுக் கலையின் மீதான பற்று மட்டும் காரணமாகக் கூறப்படுவதுண்டு. அந்தப் பற்று உண்மைதான். ஆனால், அதற்கும் அடியில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமிட்ட ஓவியத்தை நாம் நான்கடி பின்னே நின்று பார்க்கிறோம். ஒரே நோக்கில் முழுவதும் கண்ணில் விழ வேண்டும். விழுந்த பிறகு விவரங்களுக்குள் செல்வோம். சுருள் அப்படியன்று. அதை மேசையில் வைத்து, ஒரு கையால் விரித்து, மறு கையால் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். எந்த நேரத்திலும் இரு கைகளுக்கு இடைப்பட்ட அளவுதான் கண்முன் இருக்கும். பார்த்து முடித்தது நினைவில் இருக்கிறது. பார்க்கப் போவது இன்னும் வரவில்லை. ஓவியத்தின் முழுமை என்பது கண்ணில் ஒருபோதும் இல்லை, நினைவில்தான் கூடுகிறது. ஒரு கண்ணை மட்டும், அதையும் தாளுக்கு மிக அருகே வைத்து வேலை செய்யும் ஒருவருக்கு எல்லா ஓவியமும் இப்படித்தான் இருந்திருக்கும். அவருக்கு உலகமே ஒரு சுருள். மற்றவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒரு வடிவம், அவருடைய கண்ணின் இயல்பாகவே அமைந்திருந்தது.

1925-இல் கலாபவனிலேயே ஆசிரியரானார். நூலகத்தையும் அவரே கவனித்துக்கொண்டார். அங்கே அவர் படித்த படிப்புக்கு ஓர் அளவில்லை. ராம்கிங்கர் பைஜ் வெயிலில் நின்று சிமென்டும் சரளையும் கலந்து பிரம்மாண்டமான சிற்பங்களை எழுப்பிக்கொண்டிருந்த அதே வளாகத்தில், இவர் புத்தகத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு உலகக் கலை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். 1940-இல் மாணவர் விடுதியின் கூரையில் ஓர் ஓவியம் தீட்டினார். நடுவே ஒரு குளம். அதைச் சுற்றி மரங்கள், மாடுகள், பறவைகள், கிராமத்து மனிதர்கள். மேல், கீழ் என்று எந்தத் திசையும் அதற்கு இல்லை. எந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் அந்தப் படத்தின் அடிப்பக்கம். அந்த ஆண்டுதான் ஓவியம் கற்க வந்து சேர்ந்த சத்யஜித் ராய் என்னும் இளைஞர், விடுதிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்துத் திகைத்து நின்றார். 1942-இல் சீன பவனத்தின் சுவரில் வளாக வாழ்க்கையை வரைந்த பிறகு, ஹிந்தி பவனின் முறை வந்தது.

ஈரக் காரையில் ஓவியம் தீட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சுவரில் சுண்ணக் காரையைப் பூசி, அது உலர்வதற்குள் நீரில் குழைத்த நிறத்தை அதன்மேல் தீட்ட வேண்டும். காரை உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் கல்லாகிறது. நிறத்தைத் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. ஆகவே, ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டுமே அன்றன்று காரை பூசப்படும். மாலைக்குள் முடித்தாக வேண்டும். தவறிவிட்டால் அழித்துத் திருத்த வழியில்லை. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இதனாலேயே உலகெங்கும் சுவரோவியர்கள் முழு அளவில் படத்தைத் தாளில் முதலில் வரைந்து, அதைச் சுவரில் படியெடுத்துக்கொண்டு, பிறகே வண்ணத்தைத் தொடுவார்கள்.

பினோத் பிஹாரி அப்படிப் படியெடுக்கவில்லை. சிறு முன்வரைவுகளோடு சாரத்தில் ஏறி, ஈரச் சுவரில் நேரடியாகத் தூரிகையை வைத்தார். 80 அடி நீளத்துக்கு. இதைத் துணிச்சல் என்று புகழ்வது வழக்கம். துணிச்சல் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எண்ணிப் பார்த்தால் அதுவே அவருக்கு இயல்பான முறை. அன்றன்றைய காரைத் திட்டு, ஒரு கை விரிப்பின் அளவு. சுருளின் ஒரு முழம். முழுச் சுவரையும் தள்ளி நின்று அளந்து சரிபார்க்கும் வசதி அவருக்கு இல்லை. அதனால், முழுமையைக் கண்ணின் பொறுப்பில் விடாமல், தாளத்தின் பொறுப்பில் விட்டார். ஒரு உருவத்தின் தோள் சாய்வது அடுத்த உருவத்தின் முதுகில் தொடர்கிறது. நெடிது உயர்ந்த துறவி ஒருவரின் அருகே சிறு மனிதர்கள் நெருங்கி நகர்கிறார்கள். கூட்டம் அடர்ந்து, தளர்ந்து, மீண்டும் அடர்கிறது. பாடகர் ஆலாபனையில் இறங்கும்போது முழு ராகத்தையும் எழுதிவைத்துக்கொண்டா தொடங்குகிறார்? இப்போது பாடிய சங்கதி அடுத்த சங்கதியைக் கேட்டு வாங்கும். அந்த வகை நம்பிக்கை அது.

உள்ளடக்கத்துக்கு அன்று ஹிந்தி பவனின் பொறுப்பில் இருந்த ஹஜாரி பிரசாத் துவிவேதியின் பக்தி இலக்கிய ஆய்வு துணை நின்றது. கபீரைப் பற்றி அவர் எழுதிய நூல் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெளிவந்திருந்தது. ராமானுஜர் அந்தச் சுவரில் இருக்கிறார். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் இருக்கிறார்கள். தென்னாட்டு ஆசாரியரும் காசி நெசவாளியும் சீக்கிய குருவும் ஒரே ஓட்டத்தில் வருகிறார்கள். யாருடைய தலைக்குப் பின்னும் ஒளிவட்டத்தை நம்பிப் படம் நிற்கவில்லை. மக்கள் கூட்டத்திலிருந்து அவர்கள் எழுகிறார்கள், அதற்குள்ளேயே மறைகிறார்கள். யார் எவர் என்று பெயர் தெரியாமலும் அந்தச் சுவரைப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு எதுவும் குறைந்துவிடாது.

இது வரையப்பட்ட காலத்தை மறந்துவிடக் கூடாது. 1946 ஆகஸ்டில் கொல்கத்தாவின் தெருக்களில் மதத்தின் பெயரால் ஆயிரக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து ரயிலில் சில மணி நேரத் தொலைவில் இந்தச் சாரம் நின்றது. அடுத்த ஆண்டு நாடு பிளந்தது, வங்கமும் பிளந்தது. இந்தச் சுவர் அதற்கான மறுமொழி என்று நான் சொல்ல மாட்டேன். படத்தின் வாயில் நம் சொற்களைத் திணிப்பதைப்போல அவருக்குப் பிடிக்காத செயல் வேறொன்று இருந்திருக்காது. ஆனால், எல்லோரும் பிரிந்து நிற்கும் கோடுகளை வரைந்துகொண்டிருந்த ஆண்டில், ஒருவர் பிரிவே இல்லாத 80 அடிக் கோடு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார் என்ற உண்மை, எந்த விளக்கமும் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

சாரத்தில் அவருக்கு உதவியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர், அவருடைய மனைவி லீலா. மற்றவர், மாணவரான கே.ஜி.சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அதனால் படிப்புக்கான கதவுகள் அடைபட்டு, 1944-இல் சாந்திநிகேதனுக்கு வந்தவர் அவர். பின்னாளில் இந்தியக் கலையின் பெரும் ஆளுமைகளில் ஒருவரானார். ஆசிரியரின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அவரே. என் பத்து நாள் குப்புறக் கிடப்பில் மகள் எனக்கு வாசித்துக் காட்டியது அந்த மொழிபெயர்ப்பைத்தான்.

1949-இல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டார். காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளர் பணி. பிறகு ராஜஸ்தானின் வனஸ்தலி வித்யாபீடம். 1952-இல் லீலாவோடு முசூரியில் ஒரு கலைப் பயிற்சிப் பள்ளி. இந்த அலைச்சலுக்கு இடையில் எஞ்சியிருந்த கண்ணும் மங்கத் தொடங்கியது. ஐம்பதைக் கடந்த வயதில் கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அது தோற்றது. எஞ்சியிருந்த ஒளியும் போயிற்று.

அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தச் சொன்னேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை.

இங்கேதான் அகக்கண் என்னும் சொல் நம்மைக் காப்பாற்ற ஓடிவருகிறது. அந்தச் சொல் வந்துவிட்டால் நமக்கு நிம்மதி. பார்வை போனதற்கு ஈடாக ஏதோ உயர்ந்தது கிடைத்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது. கணக்கு நேராகவில்லை என்பதே உண்மை. அவர் இழந்தவற்றைப் பட்டியலிட மனம் வராது. ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். நிறம் போயிற்று. எந்தத் தாள் சிவப்பு, எது மஞ்சள் என்று பிறர் சொல்லித்தான் தெரிய வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு நினைவிலிருக்கும் சிவப்பை எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். தொலைவு போயிற்று. கோவாயின் செம்மண் வெளியையும் தொடுவானத்தையும் கையால் தொட முடியாது. வாழ்நாளெல்லாம் நிலக்காட்சியை வரைந்தவரின் பிற்காலப் படைப்புகளில் பெரும்பாலும் அருகிலிருக்கும் உருவங்களே இருக்கின்றன: அமர்ந்திருக்கும் மனிதர், ஒரு பெண், ஒரு பூனை. கைக்கு எட்டிய தூரம்தான் உலகத்தின் எல்லை. பார்வையற்ற நிலையையும் ஒரு புதிய அனுபவமாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்பது உண்மை. அப்படி எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நாளும் அவர் என்ன விலை கொடுத்தார் என்பதும், இருட்டில் அடைபட்டுக் கிடக்கும் துயரும் அவருடைய எழுத்தில் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. ஈடு கிடைத்துவிட்டதாக அவர் எங்கும் ரசீது எழுதவில்லை.

1958-இல் கலாபவன் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. பார்வையற்ற ஒருவர் கலை வரலாறு கற்பிக்க வந்தார். பின்னர், அதன் முதல்வராகவும் ஆனார். தாகூர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், அவர் சிறுவனுக்காகச் செய்த முடிவை அந்த நிறுவனம் ஐம்பது வயதுக்காரருக்காக இன்னொரு முறை செய்தது. அதுவரை பார்த்துச் சேர்த்த படங்களெல்லாம் நினைவில் அடுக்கப்பட்டிருந்தன. வாழ்நாள் முழுதும் ஓவியத்தின் முழுமையை நினைவில் கூட்டியே பழகியவருக்கு அந்த அடுக்கு கலையவில்லை.

படைப்பும் நிற்கவில்லை. கல்லச்சுப் படிகள், சிறு சிற்பங்கள், பட்டைப் பேனாக் கோட்டோவியங்கள் என்று பலவற்றைச் செய்தார். எல்லாவற்றிலும் எனக்கு வியப்பளிப்பவை அவர் தாளை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் செய்த உருவங்கள். பேனாவால் போட்ட கோடு விரலுக்குத் தெரியாது. போட்ட மறுகணம் அது காணாமல் போகிறது. அடுத்த கோட்டை எங்கே சேர்ப்பது என்று கேட்க ஆளில்லை. மடிப்பு அப்படியன்று. அது விரலுக்குத் தெரியும் கோடு. வெட்டிய ஓரமும் அப்படியே. தாளை இரண்டாக மடித்தால் உருவத்தின் முதுகெலும்பு கிடைத்துவிடுகிறது. இனி எல்லாம் அதிலிருந்து அளக்கப்படும் தொலைவுகள். ஒரு கைவினைச் சிக்கலுக்கு ஒரு கைவினைஞர் கண்டுபிடித்த தீர்வு இது. இதில் மாயம் எதுவும் இல்லை. அகக்கண் என்று சொல்லும்போது நாம் அவரிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தத் தீர்வைக் கண்டுபிடித்த புத்தியைத்தான். ஞானிக்குத் தானாகக் கிடைத்துவிடுகிறது. தொழிலாளிதான் தேடிக் கண்டடைய வேண்டும். பினோத் பிஹாரி இரண்டாம் வகை.

அவருக்குப் பார்வை போனபோது அவருடைய தொழில் அடியோடு மாறிவிடவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. அருகே வைத்த கண்ணால் ஒரு முழம் ஒரு முழமாகத் தடவிப் பார்த்தே அவர் நாற்பதாண்டுகள் வரைந்திருந்தார். அந்தக் கண் ஏறத்தாழ ஒரு கையைப்போலத்தான் வேலை செய்தது. கண் நின்றபோது கை அந்த வேலையை வாங்கிக்கொண்டது. சுருளும், கூரையும், ஈரச் சுவரும் அவரை அந்த நாளுக்கு ஆயத்தப்படுத்தியிருந்தன என்று சொல்வேன். விதி என்று இதற்குப் பெயரிட எனக்கு விருப்பமில்லை. பழக்கம் என்றால் சரியாக இருக்கும்.

1972-இல் கலாபவன் கட்டடம் ஒன்றின் சுவருக்காக ஓடுகளில் ஒரு பெரிய ஓவியத்தை உருவாக்கினார். மடித்தும் வெட்டியும் செய்த தாள் உருவங்களே அதற்கு மூலம். விரலால் தொட்டு இடம் பார்த்து அவர் அமைத்ததை மாணவர்களும் உதவியாளர்களும் ஓடுகளுக்கு மாற்றினார்கள். அப்போது பழைய மாணவர் சத்யஜித் ராய் கேமராவோடு அங்கு வந்திருந்தார். அவர் எடுத்த 20 நிமிட ஆவணப்படம் அந்த ஆண்டே வெளியானது. அதன் தலைப்பின் பொருள், வருத்தத்தோடு சொல்கிறேன், அகக்கண் என்பதுதான். ராயின் மீது எனக்குள்ள மதிப்பு அளவற்றது. ஆனால், அந்தப் படம் அதன் தலைப்பைவிட நல்ல படம். கேமரா ஞானத்தைத் தேடிப் போகவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்த மனிதரின் விரல்கள் ஒரு தாளின் ஓரத்தை அறிந்துகொள்ளும் நேரத்தை அது வெட்டாமல் நமக்குத் தருகிறது. இறுதியில் நிகில் பானர்ஜியின் சிதார் ஒலிக்கும்போது அழாமல் இருக்க முயன்றேன். கட்டுப் போட்ட கண்ணோடு அழக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எழுதவும் செய்தார், அதாவது, சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அந்த வங்க மொழி எழுத்துகள் 1979-இல் தொகுப்பாக வந்தன. தொகுப்பின் பெயர் சித்ரகார். ஓவியன் என்று பொருள். அதில் ஒரு பகுதி, பார்வையற்ற ஒருவரின் நாட்களைப் படர்க்கையில் வைத்துப் பாதிப் புனைவாகச் சொல்வது. தன்னைப் பற்றிச் சொல்ல, தன்னிலிருந்து நான்கடி பின்னே நிற்க வேண்டும் என்று அவர் கருதினார் போலும். ஓவியத்தில் வாழ்நாள் முழுதும் அவருக்கு வாய்க்காத அந்த நான்கடியை எழுத்தில் எடுத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன். 1974-இல் பத்ம விபூஷண் வந்தது. 1980-இல் மறைந்தார். மகள் மிருணாளினி முகர்ஜி சிற்பியானார். சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டி ஆளுயர உருவங்களை எழுப்பினார். கையை முடிச்சின் மேல் வைத்தால் அடுத்த முடிச்சு எங்கே என்று தெரியும். தந்தையின் செல்வாக்கு என்று எளிதாக எழுதிவிடலாம், நான் எழுதவில்லை. அது அவருடைய கலை.

என் கண் பெரும்பாலும் மீண்டுவிட்டது. நேர்கோடுகள் இடப்பக்கத்தில் இலேசாக வளைகின்றன, பழகிக்கொள்ளலாம் என்கிறார்கள். கட்டு அவிழ்ப்பதற்கு முந்தைய நாள், கொஞ்சம் கூச்சத்தோடு, மகளிடம் ஒரு தாளும் கத்தரிக்கோலும் கேட்டு வாங்கினேன். தெரிந்த கண்ணையும் மூடிக்கொண்டு, தாளை இரண்டாக மடித்து, மடிப்பை விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்து, ஒரு பூனையை வெட்டத் தொடங்கினேன். காது வளைவும் கழுத்தும் முதுகும் சரியாகவே வந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. பாதி வேலையில் தாளைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். மடிப்பு எந்தப் பக்கம் என்பதை மறந்துவிட்டேன். விரித்தபோது பூனை இரண்டு துண்டுகளாகத் தரையில் விழுந்தது. மகள் குனிந்து எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தாள் கொண்டுவரப் போனாள்.